லேப்ல செல் வளக்கற பெட்டிய ரிப்பேர் பாக்க வந்தவர்கிட்ட

...அதெப்படிண்ணே, கதவத் தொறந்ததும் பொட்டி சரியாத்தான் இருக்குன்னுட்டீங்க? முப்பத்தேழு டிகிரி காட்டுனா போதுமா? காட்டுறதெல்லாம் உண்மையா? எங்க வீட்டுக்காரர்கூடத்தான் மூஞ்சில சிரிப்பக் காட்டுவாரு.

பதினாறு வருஷமா இந்த லேப்ல செல்லுங்களுக்கு ஆயா வேலை பாக்கறேன். ஆமாண்ணே, ஆயாதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சத்துத் தண்ணி மாத்தணும். லீவு நாளும் கிடையாது, ஞாயித்துக்கிழமையும் கிடையாது. நான் பெத்ததுங்க பசிக்குதுன்னா அடுப்படில போய்ப் பாருன்னுடுவேன்... இதுங்ககிட்ட அது நடக்காது.

மேல் கிண்ணத்துல இருக்கே, அது யாரோ ஒரு மகராசனோட புத்துநோய் செல்லு. அவரு போய்ச் சேந்து முப்பது வருஷம், செல்லு மட்டும் கிடுகிடுன்னு பெருகிக்கிட்டே இருக்கு. கீழ இருக்கறது நம்ம ஆராய்ச்சிப் பொண்ணோடது. ஒரு அம்மாவோட குடல் கட்டியிலேந்து எடுத்தது. நோஞ்சான். எந்த மரபணு கெட்டதால அந்தக் கட்டி வளருதுன்னு கண்டுபிடிக்க, அந்தப் பொண்ணு மூணு வருஷம் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுக் காத்துக் கெடந்துது.

போன வாரம் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினா, ரெண்டு கிண்ணமும் ஒரே செல்லாம்! பழசு உள்ள பூந்து நோஞ்சான ஒரேடியா வெளிய தள்ளிருச்சு. மூணு வருஷ உழைப்பு போச்சு. உன் கை சுத்தமில்லன்னு எங்க லேப் தலைவி மேடம் அந்தப் பொண்ண வேலைலேந்து நிறுத்திட்டாங்க. மேடம் நுண்ணோக்கியத் தொட்டே ஏழு வருஷமாச்சு, கை சுத்தத்தப் பத்திப் பேச வந்துட்டாங்க!

நான்தான் சொன்னேன், பொட்டிக்குள்ள காத்தாடி சுத்துதே, அது மேலேந்து கீழ அடிச்சிருக்கும்னு. காத்தாடில கோளாறுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே, அந்தப் பொண்ணு பொழைச்சுப் போகட்டும்...

என்ன சிரிக்கறீங்க? செல்லு என்ன ஈயா கொசுவா, பறந்து போறதுக்குங்கறீங்களா? சரி, பின்ன எப்படித்தான் போகுமாம்? ...ஓஹோ, சத்துத் தண்ணி பாட்டில் வழியாவா? பத்து லேப் பாத்தவரு, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்.

ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பாட்டில்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கு. ஒட்டுனதே நான்தான். அந்தப் பொண்ணு காய்ச்சல்ல படுத்தப்ப அது கிண்ணத்தையும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஒருநாள் அதோட பாட்டில சூடு பண்ண மறந்துட்டேன். இனிமே வச்சா அரை மணி ஆகும், பஸ் போயிரும்... பழசுக்கு ஊத்துன பாட்டில்லேந்தே ஊத்திட்டேன். மோர்க் கரண்டிய பால் சட்டியில விட்டா என்னாகும்னு தெரியாதவளா நான்? ஒரே ஒரு தடவைண்ணே!

நேத்து அந்தப் பொண்ணு பைய மாட்டிக்கிட்டுப் போறப்ப, நீங்க ஒருத்தராவது என்ன நம்புறீங்களேக்கான்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுது. நானும் தலைய ஆட்டுனேன். வெக்கமா இருக்குண்ணே...

என்ன, எழுதிட்டீங்களா? கோளாறு ஒண்ணுமில்லன்னா? ...குடுங்க, கையெழுத்துப் போடறேன். வர்ற வழியில பாத்தீங்களா, மேடம் ரூம்லதான் இருக்காங்களா?