காலி வீட்டில் ஒரு குளியல்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் துண்டும் சோப்பும்.

"குளிக்கத்தான் திருப்பதி போறேன்" என்றார்.

"மொட்டையாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இல்லம்மா. நான் வாடகைக்கு விடற வீடு காலியா இருக்குது. அடுத்தவங்க குடி வர்றதுக்கு முந்தி, நானே ஒரு நாள் அங்க சமைச்சி, குளிச்சி, துணி தொவச்சிப் பாப்பேன். எந்தக் குழாய் சொட்டுது, தண்ணி எங்க நின்னுக்கினு இருக்குதுன்னு அப்பதான் தெரியும். கதவத் தொறந்து எட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

"திருச்சானூர்ல நாங்க வாடகைக்கு விடற வீட்ல யாருமே நெலையா இருக்க மாட்றாங்கக்கா. வாஸ்து சரியில்லன்னு எங்க வீட்டுக்காரரு வாசப்படியவே மாத்திட்டாரு. அப்பவும் போன மாசம் காலி பண்ணிக்கினு போயிட்டாங்க."

"நீ அங்க ஒரு நாள் குளிச்சிருக்கியா?"

பக்கத்தில் இருந்தவள் வடமாலைப்பேட்டை தாண்டும்வரை கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

திருப்பதியில் இறங்கும்போது பக்கெட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

"சோப்பத் தீத்துடாதீங்கக்கா. உங்க வீட்ல குளிச்சி முடிச்சதும் அப்பிடியே எங்க வீட்டுக்குப் போலாம்."