நான்காம் அத்தியாயம்

மத்தியானத்தில் படித்து எனக்குப் பழக்கமில்லை, சார். சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும். அன்று சொக்கவில்லை.

கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினெட்டு வருஷம் புரோகிராம் எழுதினேன். போன வருஷம் கம்பெனி ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற வேறு முறைக்கு மாறியது. அது தெரியாதவர்களை, என்னையும் சேர்த்து, அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் ஆரம்பப் பாடநூல்கள் மூன்று வாங்கினேன். மூன்றிலும் நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிடுவேன். ரிகர்ஷன். ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு துண்டு, தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். பட்டியலில் முதலாவதை எடுத்துக்கொண்டு, மீதியைத் தன்னிடமே கொடுக்கும். பட்டியல் காலியானால் நின்றுவிடும். படித்தால் புரியும், எழுதப்போனால் வராது.

கரமனை வீட்டில் நானும் மங்கலம் அக்காவும்தான். என்னை வளர்த்தவள். ஆஸ்துமா உண்டு. நான் மாடியில் படிப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறி வருவாள்.

"காப்பி வேணுமாடா? மனசிலாச்சா பாடம்?"

கோபம் வந்ததில்லை. கலைந்துபோனதை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மூச்சுக்கான மருந்துப் பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டால்தான் அவளால் படியேற முடியும். திங்கட்கிழமை எனக்கு நேர்காணல். ஞாயிறு சாப்பாடானதும் அவள் தலையணைக்கடியிலிருந்து பம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கீழேயே இருக்கட்டும் என்றுதான்.

இரண்டரைக்குக் கூப்பிட்டாள். "நாகு, என் பம்பைக் கண்டயாடா?"

பதில் சொன்னால் யோசனை அறுந்துவிடும். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் சத்தம். ஒரு படி, பிறகு இழுப்பு. இன்னொரு படி, இன்னும் நீளமான இழுப்பு.

கதவைத் திறந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. பேச்சு வரவில்லை, கையை நீட்டினாள். பம்ப் என் சட்டைப்பையில் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"இந்த ஒண்ணை முடிச்சுட்டு வந்துடறேன், அக்கா" என்றேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

பட்டியலைத் தலைகீழாக்கும் பயிற்சி அது. ஆறு வாரமாக வராதது அன்று நாலு வரியில் வந்தது, முதல் தடவையே சரியாக ஓடியது. வெளியே சத்தமும் நின்றிருந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. மிச்சமிருந்த ஒன்பது பயிற்சிகளையும் போட்டுவிட்டு, ஐந்தரைக்குத்தான் கதவைத் திறந்தேன். பம்பை அவள் கையில் வைத்த பிறகு டாக்டருக்கு போன் செய்தேன்.

தெருவில் என்னைக் கல்நெஞ்சன் என்கிறார்களாம். அக்கா அப்படி நினைத்திருக்க மாட்டாள், சார். கடைசிவரை அவள் கதவைத் தட்டவேயில்லை. நான் படிக்கட்டும் என்றுதான்.