பலகையில் நூறு

எனக்குப் போட்டோவில் சிரிக்க வராது. கல்யாண ஆல்பத்திலேயே பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் மாதிரிதான் நிற்பேன்; மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் இந்தப் படத்தில் மட்டும் ஒழுங்காகச் சிரித்திருக்கிறேன். இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பின்னால் தெரிவது எங்கள் ஆஸ்பத்திரி லேப். பலகையில் 'பிழையில்லாமல் 100 நாள்' என்றிருப்பது என் எழுத்து. ஊழியர்களே சேர்ந்து நடத்தும் தர மேம்பாட்டுக் குழு எங்களுடையது. ஆறு பேர், தலைவர் நான். தலைவர் என்றால் கூட்டத்துக்கு பிஸ்கட் வாங்கி வருகிறவர், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் மாதத்துக்கு முப்பது, நாற்பது ரிப்போர்ட் தப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் பொட்டாசியம். ரத்தத்தை முரட்டுத்தனமாக இழுத்தால் அணுக்கள் உடையும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். இயந்திரம் பயங்கரமான எண்ணைக் காட்டும். ஆள் நன்றாக இருப்பார், ரிப்போர்ட்டில் மட்டும் செத்துக்கொண்டிருப்பார்.

அதனால் ஒரு விதி போட்டோம். ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம்; அணு உடைந்திருந்தால் அது சிவந்துவிடும். எண்ணும் அதிகமாக இருந்து, சீரமும் சிவந்திருந்தால், ரிப்போர்ட் கொடுக்காதே, வேறு சாம்பிள் கேள். திருப்பி அனுப்புவது பிழையில் சேராது. அப்போது ரத்தம் எடுக்கும் பெண் கையைத் தூக்கினாள். குத்துவதே தெரியாது என்பதால் வார்டில் அவளுக்கு 'கொசு' என்று பெயர்.

"அண்ணே, நல்ல சாம்பிளைத் திருப்பி அனுப்பிட்டா? அதுவும் பிழைதானே? மறுபடி குத்து வாங்கப்போறது யாரு, நீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதையும் விதியாக எழுதிக்கொண்டேன்.

சந்தேகப்படுவதுதான் என் தொழில். குழாயைச் சந்தேகப்படுவேன், மூடியைச் சந்தேகப்படுவேன், வீட்டில் பால் பாக்கெட்டின் தேதியைக்கூட இரண்டு தரம் பார்ப்பேன். எழுபது நாள் தாண்டியபின் பெரிய எண் எது வந்தாலும் திருப்பி அனுப்பினேன். சீரத்தின் நிறத்தைப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. இல்லை, விடவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நூறாவது நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் ஜன்னலில் குழாயை நீட்டினாள். கணவர் தையல்காரர், சிறுநீரகக் கோளாறு, மூன்றாவது மாடி. பொட்டாசியம் ஏழு புள்ளி நான்கு. ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சீரம் தெளிந்த மஞ்சள். அன்றைக்கென்று பார்த்து இப்படி ஒரு எண்ணா என்று சந்தேகம் வந்தது. 'உடைந்த சாம்பிள்' என்று எழுதித் திருப்பினேன்.

பன்னிரண்டரைக்கு அவளே மறுபடி ஓடிவந்தாள்.

"சார், இந்தத் தடவையாவது பாத்துச் சொல்லுங்க. நெஞ்சு என்னமோ பண்ணுதுங்கறாரு."

"உக்காருங்கம்மா, மூச்சு வாங்குது பாருங்க."

தண்ணீர் நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஏழு புள்ளி எட்டு. மஞ்சள்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் என் பக்கம் வந்து நிற்க வேண்டும். இதை மேலே சொன்னால், காலையில் திருப்பியது நல்ல சாம்பிள் என்றாகிவிடும். கொசுவின் விதிப்படி அது பிழை. பலகை பூச்சியத்துக்குப் போகும். நூறாவது நாளைக் கொண்டாட நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி இயக்குநர் வருகிறார்.

"இன்னொரு தரம் எடுக்கணும்மா."

"மறுபடியுமா? குத்துறதுக்குக் கையில இடமே இல்லியே சார்."

"தப்பா ஒரு ரிப்போர்ட் குடுத்துடக் கூடாது பாருங்க."

தலையாட்டிவிட்டுப் போனாள். என்னை நம்பினாள்.

மூன்றாவதை அவள் கொண்டுவந்தபோது நாங்கள் படத்துக்கு வரிசையாக நின்றுவிட்டோம். என் சட்டைப்பையில் சிவப்பு மூடி ஒன்று தெரிகிறதல்லவா, அதுதான். இளஞ்சூடு இன்னும் இருந்தது. பக்கத்தில் நிற்பது கொசு; மூன்று தரமும் அவருக்கு ரத்தம் எடுத்தவள் அவள்தான். "என் கைக்கு இன்னிக்கு என்ன வந்துச்சோ தெரியலண்ணே," என்றாள். பிறகு அவளே, "சரி, நீங்களாவது சிரிங்க," என்றாள். சிரித்தேன்.

நாலேகாலுக்குத் தையல்காரர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் குழாயையும் ஓட்டிப் பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்று.

குழு கூடியது. மூன்று சாம்பிளும் எடுக்கும்போதே உடைந்தவை என்று நான் நிரப்பிய படிவம் சொல்லிற்று. எல்லோரும் கொசுவின் விரல்களைப் பார்த்தார்கள். நான் அவள் தோளைத் தட்டி, "யார் மேலயும் பழி இல்லம்மா, நடைமுறையிலதான் குறை," என்றேன். என் கண் கலங்கியது நிஜம். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, சீரம் என்ன கலர்ல இருந்துச்சு?"

சிவப்பு என்றேன்.

எங்கள் இயந்திரம் எண்ணோடு நிறத்தையும் அளந்து வைத்துக்கொள்ளும். இருபது வருஷம் அதனோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை; அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லிப் புகார் கொடுத்தாள். அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆமாம், மூன்றுமே நல்ல சாம்பிள். முதல் குழாயிலேயே தெரியும். அவர் தாங்கமாட்டார் என்பது பன்னிரண்டரைக்கே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நூறு நாளில் என் கையிலிருந்து தப்பான ரிப்போர்ட் ஒன்றுகூட வெளியே போகவில்லை.