அப்பன் வேர், ஆத்தா காய்

அரூரிலிருந்து பொம்மிடிக்குப் போகும் பேருந்து. ரயிலை விட்டுவிடுவேனோ என்று அடிக்கடி மணி பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சீட்டில், பிடுங்கிய கடலைச்செடிகளை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“கடலைக்கும் அப்பன் ஆத்தா உண்டு, தெரியுமா?”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஆத்தா செடி காய் நெறைய வைக்கும், தண்ணியில்லாட்டி தாங்காது. அப்பன் செடி வேரை ஆழமா வுடும், காய் கம்மி. ரெண்டையும் சேத்து, ரெண்டு கொணமும் வந்த பிள்ளைங்களை மட்டும் பொறுக்கின வெதை இது. கவருமெண்டு வெதைப் பண்ணையில குடுத்தாங்க. எங்க வூட்டுக்காரரு நம்பல. ‘இது காஞ்சுதுன்னா மேட்டுக்காட்டைக் குத்தகைக்கு வுட்டுருவேன்’னாரு. பக்கத்துலயே பழைய வெதையும் போட்டோம். ரெண்டுக்கும் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு பேச்சு. மழையும் ஏமாத்திருச்சு.”

“அப்புறம்?”

“பழசு வாடுதுன்னு, எனக்குத் தெரியாம அதுக்கு மட்டும் கொடத்துல மொண்டு ஊத்தியிருக்காரு அந்த மனுசன்! அப்படியும் புதுசுதான் செயிச்சுது. நீயே பாரு, கொத்துக் கொத்தா!”

அந்த அம்மா கண்ணைக் காட்டிய எதிர்சீட்டில் ஒரு பெரியவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊத்தினவரு இவருங்களா?” என்றாள் அந்தப் பெண்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் திரும்பாமலே சொன்னார்: “குத்தகைக்குக் கேட்டவன்கிட்ட காட்டைத் தர்றதா இல்லைன்னு காலையிலயே சொல்லிட்டேன். போதுமா?”