நைனா படம் போட்ட பை

— எழுதி வச்சுக்கங்க பாய், சூரியனையே தோள்ல தொங்கவிட்ட மொத ஆளு சூலூர் சீனிவாசலுன்னு நாளைக்கு ஒலகமே சொல்லும்.

— சொல்லட்டுங்க மொதலாளி. இப்போதைக்குத் தொண்டாமுத்தூர்க்காரங்க நூத்தித் தொண்ணூத்தெட்டு சோலார் பையைத் திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. டெம்போவுல இருக்குது. எங்க எறக்கறதுங்க?

— இருநூறு குடுத்தோம். ரெண்டு திரும்பி வரலீல்ல? அதச் சொல்லுங்க மொதல்ல.

— அந்த ரெண்டையும் ஆனை மிதிச்சுப்போட்டுதாமுங்க.

— எதுக்காமா திருப்பறாங்க?

— தோட்டத்துக் காவலுக்குப் போறவங்க, ஆனை வந்தா ஊருக்குள்ள போன் பண்ணோணுமுங்க. பகல் பூரா பையை வெயில்ல வச்சும் போன்ல சார்ஜு ஒரு கோடு ஏறலீங்களாம். கத்திரிக்கா பறிச்சுப் போட்டுக்க நல்லாருக்குதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க. அவரும் திருப்பிக் குடுத்துட்டாரு.

— பொழங்கத் தெரியாத சனம். ரங்கம்மா, பாய்க்கு இட்லி வை.

— வச்சுட்டேனுங்க. நீங்களும் உக்காருங்க, ஆறிப்போகுது.

— இன்னிக்கும் பொடிதானா? சட்னியைக் கண்ணுல பாத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வந்தவரு என்ன நெனைப்பாரு? இது மில்லுக்காரர் ஊடு.

— மில்லை வித்து இருவது வருசம் ஆச்சுங்க. எண்ணெய் ஊத்தட்டுங்களா?

— சொன்னாக் கோவிச்சுக்காதீங்க மொதலாளி. இந்த முத்தலிப் முப்பது வருசமா பை தெக்கறவன். பேனல் மேல உங்க நைனா படத்தை ஒட்டச் சொன்னப்பவே சொன்னனுங்க. தலப்பாவும் மீசையும் பாதியை மறைக்குது, மீதியை அவருக்குப் பின்னால போட்டிருக்கற மில்லுப் பொகைக்கூண்டு மறைக்குது. வெயிலு நைனா மேலதான் படுது, பேனல் மேல படமாட்டீங்குது.

— படமில்லாம எப்படி அனுப்பறது பாய்? எங்க நூல் கட்டு ஒவ்வொண்ணுலயும் நைனா படத்தை ஒட்டித்தான் கடல் தாண்டிப் போச்சு.

— நூலு இருட்டுலயும் நூலுதானுங்க.

— செரி, என்ற பையிலயும் அதே படந்தானே இருக்குது? தெனம் காலைல போனை அதுல மாட்டி மொட்டை மாடிச் செவுத்து மேல வக்கறேன். குளிச்சுப் பூசை முடிச்சுட்டு வந்து பாத்தா நூறு பர்சென்ட். ஊட்டு பிளக்கைத் தொட்டு நாப்பத்தொரு நாளாச்சு, எழுதி வச்சுக்கங்க. தொண்டாமுத்தூர் வெவசாயச் சங்கத்து மேடையில இதையே சத்தியம் பண்ணித்தான அந்த இருநூறையும் குடுத்தேன்?

— அதுதானுங்க எனக்கும் வெளங்கமாட்டீங்குது. எல்லாம் ஒரே மிசின்ல, ஒரே கையில தெச்சது. இது ஒண்ணு மட்டும் எப்படிங்க?

— நம்பிக்கை, பாய். ரங்கம்மா, பத்திரத்தை எடுத்து வை. பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கோணும். தோப்பு கை மாறுன ஒடனே அஞ்சாயிரம் பை தெக்க ஆரம்பிச்சரலாம்.

— ஏனுங்க, அது எங்க ஊட்டுல எனக்குன்னு குடுத்ததுங்க. நம்மளுக்கு மிச்சமிருக்கறதே அந்தத் தென்னந்தோப்பு ஒண்ணுதானுங்க.

— அதுக்குத்தான் உன்ற கையெழுத்து வேணுங்கறேன். இங்க பாரு, அச்சாபீஸ் வச்சேன், போச்சு. மாவு மில்லு வச்சேன், போச்சு. இதுவும் போச்சுன்னா, நைனா கட்டுனதை வித்துத் தின்னவன்னு மட்டுந்தான் எனக்குப் பேரு நிக்கும்.

— தோப்பை விடுங்க மொதலாளி. படத்தை உரிச்சுப்போட்டு ஒரு பத்துப் பையை வெயில்ல வச்சுப் பாக்கலாமுங்க.

— எங்க நைனாவை உரிக்கறதா? என்ற பை ஓடுதல்ல பாய். படம் இருந்தும் ஓடுது. அப்பப் படத்து மேல தப்பில்ல, பையி மேல தப்பில்ல, சனத்து மேலதான் தப்பு. நான் பொய் சொல்லுவேன், போன் சொல்லுமா? இந்தா பாருங்க, நூறு. ரங்கம்மா, பத்திரம் எங்க? என்ன அப்படியே நிக்கறே?

— ஏனுங்க, மொத மூணு நாளு அது ஏறவே இல்லீங்க. நெனப்பிருக்குதுங்களா?

— புதுப் பை. பழகோணுமில்ல?

— அந்த மூணு நாளும் பையை மடியில வச்சுக்கிட்டு, சோறும் திங்காம, மாமனார் படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எனக்குப் பாக்க முடியலீங்க.

— அதான் நாலாம் நாள் ஏறிருச்சில்ல. அழுகாத. பாய் முன்னால என்ன இது?

— நான் அழுகலீங்க. நீங்க எட்டிப் பாக்காத எடம் சமையக்கட்டு ஒண்ணுதானுங்க. அங்க ஒரே ஒரு பிளக்குதான் இருக்குது. நீங்க குளிக்கப் போனதும் மாடியில இருந்து உங்க போனை எடுத்தாந்து, மிக்சியைக் கழட்டிப்போட்டுச் சொருகுவனுங்க, பூசை முடியறதுக்குள்ள திரும்பப் பையிலயே வச்சுருவனுங்க. அதனாலதானுங்க சட்னி இல்லை.