சங்கு ஊதாத பதிப்பு

சாரல் நாட்களில் குற்றாலத்தில் இணையம் நின்று நின்று வரும், உங்களுக்கே தெரியும் சார். அதனால்தான் தென்காசியில் என் கடைக் கணினியில் ஒரு மிரர் வைத்தேன். பெரிய விஷயமில்லை. கணினிகளுக்கு வேண்டிய மென்பொருள் பேக்கேஜ்களை நகல் எடுத்து அடுக்கி வைப்பது. இணையம் இல்லாவிட்டாலும், குற்றாலத்துக்கு நாங்களே போட்ட ஆன்டெனா இணைப்பு வழியாகப் பிரவுசரில் திறந்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேக்கேஜின் பெயர், பதிப்பு எண், எந்த வகைக் கணினிக்கு என்பது வரிசையாக இருக்கும். பெயரை நம்பித்தான் எல்லாரும் எடுக்கிறோம்.

ஜெபஸ்டின் என் கூட்டாளி. அவனுக்குப் பெர்சிஸைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குற்றாலத்துக்கு மேலே ஒரு தனியார் விடுதியின் அருவியில் தண்ணீர் ஏறினால் அபாயச் சங்கு ஊதும். அதற்கான மென்பொருளை எழுதியது நாங்கள் இருவரும்.

ஒருநாள் சொன்னான்: “அண்ணாச்சி, கொச்சில வேல கெடச்சிருக்கு. பெர்சிஸும் வாரேன்னுட்டா. சங்குக்குப் புதுப் பதிப்பப் போட்டுக் குடுத்துட்டுக் கெளம்புதேன்.”

“போலே, நல்லாயிரு” என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அவனைத் தவிர வேறு யாரும் கிடையாது சார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவன் மிரரில் ஏற்றிய புதுப் பதிப்போடு, சங்கு மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றும் கிடந்தது. அதில் தண்ணீர் அளவு திரையில் ஒழுங்காக ஏறும், சங்கு மட்டும் ஊதாது. அதன் பெயரில் புதுப் பதிப்பின் எண்ணைப் போட்டேன். தேதியையும் மாற்றினேன். சரியான புதுப் பதிப்பைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டேன். குளிக்க ஆள் நிற்கும்போது சங்கை ஊதிப் பார்க்க முடியாது, சனம் பயந்து ஓடும். அருவியை அடைக்கும் திங்கட்கிழமைதான் சோதனை. அன்றைக்கு விடுதி முதலாளி முன்னால் ஊதாது. சரி பண்ணாமல் அவனை விடமாட்டார். அதற்குள் கொச்சிக்காரன் வேறு ஆள் பார்த்துவிடுவான். யாருக்கும் நான் கேடு நினைக்கவில்லை.

சனிக்கிழமை விடுதியிலிருந்து கூப்பிட்டான். “அண்ணாச்சி, பட்டியல்ல மேல இருக்கதுதான புதுசு? இப்ப ஊதிப் பாக்க முடியாதுல்லா, அதான் கேக்கேன்.”

“ஆமாலே. நான் கடைல வச்சு ஊதிப் பாத்துட்டேன். போடு.”

ஞாயிறு மத்தியானம் மழை கட்டி மலை உச்சி கறுத்தது. கடை வாசலில் நின்று பார்த்தேன். போன் கையில்தான் இருந்தது. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் என் முகத்தில் முழிக்கமாட்டான். ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

ஊரை விட்டுப் போகுமுன் கடைசியாக ஒரு குளி என்று அவன் அருவியில் நின்றிருக்கிறான். தண்ணீர் கலங்கியதும் சிலர் கரையேறப் பார்த்தார்களாம். “சங்கு ஊதலல்லா, பயப்படாதீய, குளிங்க” என்று நிறுத்தியவன் அவன்தானாம். அவனையும் ஆலங்குளத்துப் பிள்ளைகள் இரண்டையும் வெள்ளம் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து பெர்சிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணாச்சி, அவிய எழுதினதுல தப்பு இருக்காதுல்லா?”

“மனுசன்தானம்மா, தப்பு வரத்தான் செய்யும்” என்றேன்.

அந்தச் சொல்தான் சார் நெஞ்சை அறுக்கிறது. அவன் ஒரு தப்பும் செய்யாதவன். பெயரை மாற்றியவன் நான். ஊதிப் பார்த்ததாகப் பொய் சொன்னவன் நான். மலை கறுத்ததைப் பார்த்துக்கொண்டே கூப்பிடாமல் இருந்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறான். கடையை அடைத்ததும் தினமும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். எப்படியோ, அவன் கொச்சிக்குப் போகவில்லை.