குங்குமம் வைத்த இரண்டு மனுக்கள்

வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "அரிசி மில்லுக்குப் போன மனுவுல, நான் ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி இருப்பேன்னு எழுதியிருக்குதுடா" என்று ஒருவன் சொன்னதும், நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த நாமம் பாதியில் நின்றுவிட்டது.

"ஏன்டா அப்படி எழுதினே?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"அது பெருமாள் கோயில் ஆபீசுக்கு எழுதினது. மில்லுக்கு எழுதினதுல, நெல்லு மூட்டைய ஒண்டியா தூக்குவேன்னு போட்டிருந்தேன். ரெண்டும் கிளார்க்கு வேலைதான், ஆனா எடத்துக்குத் தக்கமாதிரி எழுதணும் இல்லப்பா? அம்மன் பாதத்துல வெக்கச் சொல்லி ரெண்டையும் குடுத்தேன். குருக்கள் குங்குமம் தடவித் திருப்பிக் குடுத்தாரு. கண்ண மூடிக் கும்பிட்டுக்கினே கவர்ல போட்டு ஒட்டிட்டேன். மாறிப்போச்சு."

"அப்ப வேலை போச்சா?"

"எங்க போச்சு! ரெண்டு எடத்துலயும் கூப்பிட்டிருக்காங்க. பட்டினி கெடக்கிற ஆளு அரிசியில கை வெக்கமாட்டான்னு மில்லுக்காரருக்கு ஒரே சந்தோஷமாம். இப்ப அங்கதான் போறேன்."

"கோயில்ல?"

"கிளார்க்கு வேணாமாம். கருட சேவைக்கு சாமி தூக்க வரணுமாம்."

"நீ தண்ணிக் கொடத்தையே தூக்கமாட்டியேடா!"

"அதான்பா, மில்லு வேலை கெடைச்சே ஆகணும். ஏகாதசி மாசத்துக்கு ரெண்டு நாளுதான், எப்படியாவது சமாளிச்சுக்குவேன். கருட வாகனம் என்னா வெயிட்டு தெரியுமா?"

மில் வேலையே அவனுக்குக் கிடைக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பெருமாள் கீழே விழாமல் இருக்கவேண்டுமே.